முத்துலட்சும

தலைப்பில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அருப்புக்கோட்டையில் என் தாய்மாமா வைத்திருக்கும் மளிகைக் கடையில், போன வருஷம் மூன்று வாரத்துக்கு ஒரு வாடிக்கையாளரின் பெயர் இப்படித்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. அச்சடித்தது நான் எழுதிய மென்பொருள். 14 வருஷமாகச் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இதே வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். அடுத்தவர் எழுதிய நிரலைப் பார்த்துக் குறை சொல்வதிலேயே வாரத்தில் பாதி நாள் போய்விடும். அப்படிப்பட்டவன் சொந்த மாமாவுக்கு எழுதிக்கொடுத்ததில் ஒரு பெண்ணின் பெயரிலிருந்து கடைசிக் கொக்கி உதிர்ந்துவிட்டது. அதனால் அவர் கொடுத்த பணம், கொடுக்காத பணம் ஆகிவிட்டது. பிழையைத் திருத்த இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் திருத்தி ஒரு வருஷம் ஆன பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத்துக் கணக்கு கெடாதபடி பார்த்துத்தான் மாற்றினேன், கதையே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.)

மாமா கடையில் பற்றுக் கணக்கு வைத்திருப்பவர்கள் நூறு பேருக்கு மேல். பெரும்பாலும் தறிக்காரர்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கடைக்கு வந்து, முடிந்ததைக் கட்டிவிட்டு, அடுத்த வாரத்துச் சாமானை வாங்கிப் போவார்கள். எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. அதை நான்தான் கெடுத்தேன். ஒரு சித்திரை லீவில் ஊருக்குப் போனபோது, அத்தை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கூட்டல் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் ஒரு ஆப் போட்டுத் தர்றேன் அத்த" என்றேன். யாரும் கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. யாராவது கையால் ஏதாவது செய்துகொண்டிருந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஒரு பழைய டேப்லெட், 58 மில்லிமீட்டர் தாள் போடும் சின்ன புளூடூத் பிரிண்டர். இரண்டு நாளில் ஓடியது. முதலில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். வாடிக்கையாளர் பெயர்களை நானே ஆங்கில எழுத்தில் தட்டினேன். இந்தப் பிரிண்டர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு கணக்கு: 58 மில்லிமீட்டர் தாளில் அச்சு விழும் அகலம் 48 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக வரிக்கு 384 புள்ளி. பிரிண்டரிலேயே இருக்கும் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 12 புள்ளி அகலம், ஆகவே வரிக்கு 32 எழுத்து. அதில் பற்றுக்கு 9, வரவுக்கு 9, நடுவில் இடைவெளி இரண்டு போக, பெயருக்கு மிஞ்சியது 12. பட்டியலைப் பார்த்தேன். 12 எழுத்தில் யாரும் யாரோடும் குழம்பவில்லை என்றுதான் தோன்றியது. முத்துலட்சுமியை ஆங்கிலத்தில் எழுதினால் அச்சு பிசகாமல் 12 எழுத்து. முத்துலட்சுமணன் என்று இன்னொரு வாடிக்கையாளர், அவருக்கு 15. அவர் பெயர் 12இல் வெட்டுப்பட்டாலும், ஒருவருக்குக் கடைசி எழுத்து ஐ, இன்னொருவருக்கு ஏ. வேறுபாடு அந்தப் பன்னிரண்டாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அத்தை போனில் சொன்னார், "எல்லாம் இங்கிலீசுல வருதுடா, வாங்குற ஆளுக்குப் படிக்கத் தெரிய வேண்டாமா?" நியாயம்தான். தமிழுக்கு மாற்றினேன். அந்த மாதிரி பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். என் கவலை முழுக்க அந்தப் படத்தில்தான் இருந்தது. கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் போய் நிற்குமா, "ணை" ஒழுங்காக வருமா, புள்ளி மெய்யின் தலையில் உட்காருமா? எல்லாம் வந்தது. முதல் தமிழ் ரசீதை அத்தை வாய்விட்டுப் படித்ததை மாமா வாட்சப்பில் வீடியோவாக அனுப்பினார். அன்று வந்தவர்கள் மாரியப்பன், கருப்பசாமி, சோலையம்மாள். மாரியப்பனும் கருப்பசாமியும் பத்துக்குள், சோலையம்மாள் பதினொன்று. எல்லோரும் முழுதாக வந்தார்கள்.

டிரைவருக்கு நல்லது

மூன்றாவது வாரம் மாமா கூப்பிட்டார். "மாப்ள, நம்ம டிரைவரு வந்துருக்காரு. அவருக்குப் பாக்கி கொறைவா காட்டுதாம்."

"கொறைவா இருந்தா நல்லதுதானே மாமா?"

"அவருக்கு நல்லதுடா. எனக்கு?"

முத்துலட்சுமணன் மினி லாரி ஓட்டுகிறவர். தன் கணக்கில் 1,850 ரூபாய் வரவு விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நான் இதக் கட்டலயே" என்று தானாக வந்து சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மாமா அந்தத் தேதியைப் பார்த்தார், அத்தையைக் கேட்டார், அத்தைக்குச் சட்டென்று உறைத்தது. மூன்று சனிக்கிழமைக்கு முன்னால் தறி ஓட்டும் முத்துலட்சுமி வந்து பணம் கட்டினார். கடையில் கூட்டம். டேப்லெட்டில் பெயரைத் தேடினால் மேலும் கீழுமாகச் சில வரி, எல்லாவற்றிலும் "முத்துலட்சும". ரசீதுக்கு எழுதிய சுருக்கும் வேலையையே திரைக்கும் நான் பயன்படுத்தியிருந்தேன். ஒன்றை எழுதி இரண்டு இடத்தில் பயன்படுத்துவதுதான் நல்ல பழக்கம் என்று எல்லோருக்கும் போதிக்கிறவன் ஆயிற்றே. அத்தை மேலே இருந்ததைத் தொட்டார்.

அடுத்த வாரம் முத்துலட்சுமி வந்தபோது மிசின் பழைய பாக்கியைக் காட்டியது. "போன வாரமே குடுத்துட்டேனேக்கா" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அத்தை திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். "மிசின்ல இருக்கே." அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்று கேட்ட சாமானை வாங்காமலே போய்விட்டார். பிறகு கடைப் பக்கமே வரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு கடையில் வாங்குகிறார் என்று யாரோ சொன்னார்கள். நோட்டு இருந்த காலத்தில் அத்தை இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். "இரு, நான் எழுத மறந்துருப்பேன்" என்றுதான் முதலில் சொல்வார். நோட்டில் எழுதுகிறவருக்குத் தன் கை தவறக்கூடும் என்று தெரியும். திரைக்குப் பின்னால் இருப்பது மருமகப்பிள்ளையின் கை, அதுவும் இன்ஜினியர் கை. அத்தைக்கு அதில் சந்தேகமே வரவில்லை. என்னை இன்றும் உறுத்துவது இந்த இடம்தான்.

மாமா அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வெறுங்கையோடு போகவில்லை என்று மட்டும் அத்தை சொன்னார். நான் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன்.

டேப் விசை

பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு வரியை நான் எழுதவே இல்லை. எடிட்டரில் ஏஐ துணை ஒன்று வைத்திருக்கிறேன். நான் மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: பெயரை 12 கேரக்டருக்குச் சுருக்கு. சாம்பல் நிறத்தில் அது அடுத்த வரியை நீட்டியிருக்கிறது: பெயரைப் பூஜ்ஜியத்திலிருந்து பன்னிரண்டு வரை ஸ்லைஸ் செய், அதாவது வெட்டி எடு. ஏற்றுக்கொள்கிறேன் என்று நான் டேப் விசையைத் தட்டியிருக்கிறேன். அந்த நொடி ஞாபகம்கூட இல்லை. ஞாபகம் இருக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

முதல் கோபம் கருவி மேல்தான் வந்தது. அதுவும் நியாயமான கோபம் இல்லை என்பது திண்டிவனம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. அதே கருவியிடம், "இந்த வரி தமிழ்ப் பெயர்களுக்குச் சரியாக வேலை செய்யுமா?" என்று கேட்டேன். இரண்டு நொடியில், "செய்யாது" என்றது. உயிர்மெய்கள் ஒன்றுக்கு மேற்பட்ட யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் தரம்) குறிகளால் ஆனவை, இப்படி வெட்டினால் எழுத்தின் நடுவில் வெட்டு விழும், முழு எழுத்தாகப் பிரித்துத் தர இன்டல்.செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்காட்டோடு விளக்கியது. தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே ஏன் அன்றைக்கு அப்படிக் கொடுத்தது? நான் கேட்டதைக் கொடுத்தது. நான் கேட்டது கேரக்டர். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த கெட்டிக்காரப் பையன்களிடம் இதே குணத்தைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் எல்லாம் தெரியும், கேட்காவிட்டால் சொன்ன வேலை மட்டும்தான்.

சரி, அன்று குறிப்பைத் தமிழில் எழுதியிருந்தால்? அதையும் பஸ்ஸிலேயே சோதித்தேன், வேறு வேலை என்ன இருக்கிறது. "பெயரை 12 எழுத்துக்குச் சுருக்கு" என்று எழுதி, கோப்பை மூடித் திறந்து மூன்று தடவை பார்த்தேன். இரண்டு தடவை அதே ஸ்லைஸ். ஒரு தடவை செக்மென்டர். இதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குறிப்பைத் தமிழில் தட்டியபோது எனக்கு ஒன்று நடந்தது. "12 எழுத்து" என்று தட்டியதுமே, மனசு தானாக முத்துலட்சுமியை எண்ணியது: மு, த், து, ல, ட், சு, மி. ஏழு. ஒன்றாம் வகுப்பில் விரல் மடக்கி எண்ணின மாதிரியே. ஏழு எழுத்துப் பெயர் 12 எழுத்துப் பெட்டிக்குள் ஏன் அடங்கவில்லை என்று அந்த நொடியில் எரிச்சல் வந்தது. அன்றைக்கு ஆங்கிலத்தில் கேரக்டர் என்று தட்டியபோது அந்த எரிச்சல் வராமல் போனதற்குக் காரணம், அந்தச் சொல்லுக்கு என் மண்டையில் எழுத்து என்று அர்த்தமே இல்லை. அது வேலை இடத்துச் சொல். அது எண்ணுவது வேறு எதையோ.

அது எதை எண்ணுகிறது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்ன கூட்டல், ம் கூட்டல் இ, மி. யூனிகோடில் சரக்கே வேறு. அங்கே அடிப்படையாக இருப்பது அகரம் ஏறிய ம. அதன் மேல் கொக்கி ஒரு தனிக் குறி. புள்ளியும் ஒரு தனிக் குறி. ஆகவே "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிலோ பைத்தானிலோ கேட்டால் 5 என்று வரும். சேமிக்க ஆகும் பைட் கணக்கில் (யூடிஎஃப்-8 முறையில்) 15. ஸ்விஃப்ட் மொழியில் கேட்டால்தான் 3. முத்துலட்சுமி 13 குறி. பதின்மூன்றாவது குறி அந்தக் கொக்கி. முத்துலட்சுமணன் 15 குறி. இருவருக்கும் முதல் பன்னிரண்டும் ஒன்றே.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒரு குறியின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டினால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்த அசிங்கமான சின்னம் வரும், யாரும் பார்த்ததும் கத்துவார்கள். தமிழ் எழுத்தை நடுவில் வெட்டினால் அப்படி ஒன்றும் நடக்காது. உயிர்க்குறிகள் எல்லாமே கணினிக்குள் மெய்க்குப் பின்னால்தான் நிற்கின்றன. கண்ணுக்கு முன்னால் தெரியும் கொம்புகூட உள்ளே பின்னால்தான். ஆகவே வெட்டின இடத்தில் எப்போதும் ஒரு முழு எழுத்துத்தான் மிஞ்சும். "மி" வெட்டுப்பட்டு "ம" ஆகும், "த்" வெட்டுப்பட்டு "த" ஆகும். கிருஷ்ணமூர்த்தி "கிருஷ்ணமூர்த" ஆவார். பாக்கியலட்சுமி வெட்டுப்பட்டு "பாக்கியலட்சு" ஆனதைப் பார்த்து, அத்தை அதைச் செல்லப் பெயர் என்றே நினைத்திருக்கிறார். காயம் தெரியாது. ரத்தம் சிந்துவதெல்லாம் வெட்டின மிச்சத்தில்தான், அதை நாம் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

அந்த மிச்சத்தையும் நான் ஒரு முறை பார்த்திருந்தேன் என்பதுதான் இன்னும் மோசம். சாமான் பெயர்களை இரண்டு வரியாக மடிக்கும்போது, இரண்டாம் வரி ஒரு புள்ளி வட்டத்தோடு ஆரம்பித்தது. ஏறி உட்கார மெய் கிடைக்காத உயிர்க்குறிக்கு எழுத்துரு போட்டுத் தரும் அந்த நாற்காலி. பார்த்துச் சிரித்துவிட்டு, சொல் இடைவெளியில் மட்டும் மடி என்று மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். சாமானுக்கு நடந்தது மனுஷருக்கும் நடக்குமே என்று தோன்றவில்லை.

யார் செய்த பாவம்

இந்த இடத்தில் நம் ஊர்க் கணினிக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தால் ஒருவர் யூனிகோடைத் திட்ட ஆரம்பித்திருப்பார். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பார். அந்த வாதம் எனக்குப் புதிதில்லை. யூனிகோடில் தமிழுக்கான ஒதுக்கீடு இஸ்கி என்ற இந்தியக் குறியேற்றத்தின் வழியில் வந்தது, மொத்தம் 128 இடம், அதிலும் பல காலி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும், எழுத்துக்கு ஓர் இடம் என்ற முறையில் அமைந்த டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. தமிழ்99ஐ இன்றும் விரலில் வைத்திருக்கிறேன். டேஸ்16ஐ நான் வேலை செய்த எந்த இடத்திலும் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. உன் வீட்டுக்குள் உன் விருப்பம், வெளியே வந்தால் யாருக்கும் உன்னைத் தெரியாது என்கிற இடம் அது.

டேஸ்16இல் எழுதியிருந்தால் முத்துலட்சுமி ஏழே குறி, பிழைத்திருப்பார். உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. குடும்பப் படம் போட்ட அந்த இமோஜி இருக்கிறதே, அப்பா அம்மா மகள், அதை ஜாவாஸ்கிரிப்டில் எண்ணினால் 8 வரும். அதை வெட்டினால் குடும்பம் சிதறும். உலகத்துக்கே அந்தக் கஷ்டம் வந்த பிறகுதான் "பார்ப்பவருக்கு ஓர் எழுத்து" என்ற கணக்கில் பிரவுசர்காரர்களுக்கும் அக்கறை வந்தது என்பது என் சந்தேகம். செக்மென்டர் குரோமில் 2020இல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல். நம் "மி"க்கும் "மு"வுக்கும் கிடைத்த மரியாதையில் மஞ்சள் மூஞ்சிகளுக்கும் பங்குண்டு என்றால் எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கருவி இருக்கிறது, இலவசமாக இருக்கிறது, நான்கு வரியில் முடிகிறது. அதைத் தேட வேண்டும் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பார்த்தால், என் சோதனைத் தரவு முழுக்க ஜான் டோ, ஆங்கிலத்தில் யாரோ ஒருவருக்கு வைக்கும் பொதுப்பெயர். 14 வருஷத்தில் எத்தனையோ படிவங்கள் கட்டியிருக்கிறேன். பெயர் என்ற கட்டத்தில் நான் தட்டியது "டெஸ்ட்", "டெஸ்ட் டெஸ்ட்", அவசரம் என்றால் விசைப்பலகையின் நடு வரிசையில் இடது கை விரல்கள் விழுந்த நான்கு எழுத்து. என் அம்மாவின் பெயரைத் தமிழில் தட்டிப் பார்த்ததே இல்லை. மாமா கடைக்குத் தமிழுக்கு மாற்றியபோதுகூட, கொம்பு சரியாக வருகிறதா என்று பார்க்க நான் தட்டியது "கொக்கோ".

சனிக்கிழமை இரவு

கடையை அடைத்த பிறகு மாமா டேப்லெட்டோடு பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நோட்டை நிறுத்திவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவே இல்லை. கடை அடைத்ததும் அன்றைய முக்கியமான வரவுகளை ஞாபகத்திலிருந்து எழுதிவைத்திருக்கிறார். "உன் மனசு கஷ்டப்படும்னு சொல்லல" என்றார். அதிலும் முத்துலட்சுமியின் அந்த 1,850 இல்லை, அன்று கூட்டத்தில் பணம் வாங்கியது அத்தை.

புது வரியைப் போட்டுக் காட்டினேன். இப்போது பெயர் முழு எழுத்தாகத்தான் வெட்டுப்படும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். மாமா திரையைப் பார்த்தார். முத்துலட்சுமி, முத்துலட்சுமணன், இரண்டும் முழுதாக வந்தன. "சரி, இன்னொரு முத்துலட்சுமி இருக்காளே, அவள?" என்றார்.

"இன்னொருத்தரா?"

"மூணு பேரு இருந்தாங்கடா. ஒருத்தி கல்யாணமாகி சாத்தூர் போயிட்டா. இப்ப ரெண்டு."

அந்த இரண்டு முத்துலட்சுமிகளையும் என் மென்பொருள் இத்தனை நாளும் எப்படிச் சமாளித்தது? சமாளிக்கவில்லை. இன்னொருவர் மாதக் கணக்கு, ஐந்தாம் தேதிக்கு மேல் மட்டும் வருகிறவர் என்பதால் அத்தை தேதியை வைத்துச் சமாளித்திருக்கிறார். இனிஷியல் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, எங்கே இருக்கிறது? படிவத்தை ஆரம்பித்தபோது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தோடு ஒரு வார்ப்பு கிடைத்தது, அதையும் டேப் தட்டி வாங்கியிருந்தேன். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் நான் இனிஷியலைப் போட்டேன், வேறு எங்கே போடுவது. ஆகவே அது பெயருக்குப் பின்னால் போனது. பின்னால் போனதுதான் முதலில் வெட்டுப்பட்டது. இந்த நாட்டில் இனிஷியலை எதற்காக முன்னால் போடுகிறோமோ, அந்த ஒரே காரியத்தைச் செய்ய முடியாத இடத்தில் கொண்டுபோய் அதை வைத்திருந்தேன்.

மாமா நோட்டைப் பிரித்துக் காட்டினார். அதுதான் அந்த இரவில் நடந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய கையெழுத்தில் ஒரு பக்கம். நோட்டின் பெயர்ப் பத்தி என் பெட்டியைவிடக் குறுகல். "முத்து.ல – தறி." அதற்குக் கீழே "முத்து.ல – டீச்சர்." நாலு வரி தள்ளி "லட்சு – வண்டி." இன்னொரு இடத்தில் "கிருஷ்ணன் – மாடி", "கிருஷ்ணன் – பேங்க்", ஓரிடத்தில் வெறுமனே "சிவகாசிக்காரர்". யாருக்கும் முழுப்பெயர் இல்லை. மாமாவும் வெட்டியிருக்கிறார்! என்னைவிட அதிகமாக, ஈவிரக்கமில்லாமல். முத்துலட்சுமி என்ற பெயரில் பாதியைத் தூக்கிவிட்டார். ஆனால் எது ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கிறதோ அதை மட்டும் விடவில்லை. நான் முன்னாலிருந்து எண்ணி, எண்ணிக்கை தீர்ந்த இடத்தில் வெட்டினேன். அவர் அடுத்த வரியைப் பார்த்துவிட்டு வெட்டுகிறார். ஒரு பெயரை அவர் தனியாகச் சுருக்குவதே இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் எதைத் தள்ளலாம் என்று அவருக்குத் தெரிகிறது.

நான் கொண்டுபோன செக்மென்டர் ஒரு எழுத்தைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது வேறு வேலை. நான் பஸ்ஸில் எட்டு மணி நேரம் எழுத்தை எண்ணிக்கொண்டு வந்தேன், கணக்கும் சரிதான், ஆனால் மாமா கேட்ட ஒரு கேள்விக்கு அதில் பதில் இல்லை. சொல்லப்போனால் எழுத்தை எண்ணுவதுகூடச் சரியில்லை. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் இல்லையே. "ணௌ" எடுக்கும் இடத்தில் "ர" இரண்டு மூன்று உட்காரும். படமாக வரைகிற வரியில் நான் பார்க்க வேண்டியது 12 கட்டத்துக்கு உண்டான 144 புள்ளிக்குள் என்ன அடங்குகிறது என்பதைத்தான். ஆங்கிலப் பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு 12ஐ, தமிழில் அதற்கு வேலையே இல்லாத இடத்தில், பயபக்தியோடு காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே படிவத்தை உடைத்தேன். முதல் பெயர், கடைசிப் பெயர் போயின. பெயர் என்று ஒரே கட்டம், இனிஷியலோடு எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். கீழே "அடையாளம்" என்று ஒரு கட்டம். திரையில் அடையாளம் தடித்த எழுத்தில் முதலில், பெயர் அதற்குப் பக்கத்தில். ரசீதில் பெயர் இரண்டு வரி போனாலும் போகட்டும், தாள் என்ன விலை. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பேர் பட்டியலில் வந்தால் அடையாளம் இல்லாமல் வரவு வைக்கவே விடாது. இதில் எதற்கும் கருவி தடையாக இல்லை. "அடையாளம்" என்ற கட்டத்தைச் சேர்த்ததும், அதைப் பட்டியலில் தேட வசதியாகத் தேடலிலும் சேர்க்கட்டுமா என்று தானே கேட்டது. நல்ல யோசனை, டேப் தட்டினேன். ஆனால் இந்த முறை தட்டுவதற்கு முன்னால் மாமாவின் நோட்டிலிருந்து 40 பெயரைச் சோதனைத் தரவாகத் தட்டி வைத்திருந்தேன். அத்தை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். "டீச்சருன்னு போடாத, ரிட்டயர்டு ஆயிட்டா, சங்கடப்படுவா" என்று ஒரு திருத்தம் வந்தது. அந்த மாதிரித் திருத்தம் எந்தக் கருவியிலிருந்தும் வராது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் என்னிடமிருந்தும் வராது.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஆபீஸ் வேலையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். எங்கள் குழுவின் சோதனைத் தரவில் பத்துத் தமிழ்ப் பெயர், சில மலையாளப் பெயர், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சிலர் என்று சேர்த்தேன். மறுநாளே சோதனையில் இரண்டு இடம் தோற்றுச் சிவப்பு விழுந்தது. கடைசிப் பெயர் கட்டாயம் என்ற விதியில் ஒன்று, குறுஞ்செய்தியில் ஒன்று. ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் குறுஞ்செய்தியில் தமிழ் கலந்தால் 70 குறிதான். அதே 140 பைட் பெட்டி, வேறு அளவு. ஒரு பெயர் தமிழில் இருந்ததற்காக ஒரே செய்தி மூன்றாக உடைந்து, மூன்று செய்திக்குக் காசு போய்க்கொண்டிருந்திருக்கிறது. மேலதிகாரிக்கு முத்துலட்சுமி கதை புரியவில்லை, இது உடனே புரிந்தது.

தீபாவளிக்குப் போனபோது கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முத்துலட்சுமி வந்தார். மாமா மறுபடி அவரை வரவழைத்து நாளாகிவிட்டது. நான் யார் என்று அவருக்குத் தெரியாது, அத்தை சொல்லவும் இல்லை. பணத்தைக் கொடுத்தார், அத்தை "தறி" என்ற வரியைத் தொட்டார், பிரிண்டர் இழுத்துத் துப்பிய ரசீதை வாங்கிக்கொண்டார். பெயர் முழுதாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் நாலாக மடித்துப் பர்சில் வைத்தார். பிறகு நகரவில்லை. எண்ணெய் அளந்துகொண்டிருந்த மாமா கையைத் துடைத்துவிட்டு நோட்டை எடுத்து, பேனா எழுதாமல் உதறி, அவர் வரியில் தொகையை எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.